தூரத்தில் நிற்பவனின் தட்டு

பொத்தான் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை மாட்டிய நாளிலிருந்து, இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளிலும் தலா ஒரு கரண்டி குழம்பு குறைந்தது. படம் ஒன்றும் அபூர்வமானதல்ல. என்றோ முடிந்துபோன போரின்போது, உணவை மிச்சப்படுத்தச் சொல்லி அரசாங்கம் தெருச் சுவர்களில் ஒட்டிய விளம்பரத்தின் மறுபதிப்பு. அவற்றைக் கண்ணாடி போட்டு அழகுக்கு மாட்டுவது அப்போது நாகரிகமாகியிருந்தது. சுவரின் ஈரக்கறையை மறைக்க மேலாளர் ஒன்றை வாங்கிவந்தார். மேசையைச் சுற்றி ஒரு குடும்பம். அம்மா கரண்டிக் குழம்பைப் பானைக்கே திருப்பி ஊற்றுகிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புகை, புகைக்கு முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப்பாய். மேலே கொட்டை எழுத்தில், 'ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள், போர்முனையில் ஒருவன் பசியாறட்டும்' என்று இருந்தது.

சமையல்காரியை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஆளுக்கு இரண்டு கரண்டி, கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. காலையில் எத்தனை பேர் சாப்பாடு என்று அடுப்படி வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். மதியம் பானை வழித்தெடுத்தது போலக் காலியாகிவிடும். இப்போது அவள் ஊற்றியது இரண்டு, மேசைக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று. முதல் வாரம் கேலி செய்தார்கள். "என்னக்கா, கரண்டி வயசாகிச் சுருங்கிப்போச்சா?" இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. துளை போடும் பிரிவுக்காரர்கள் கரண்டியை வாங்கித் தங்கள் கருவியால் அளந்து பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. அப்படியென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்றார்கள். வாசலில் அவளுடைய பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள்; ஒரு குடையும் சீப்பும் விழுந்தன.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார் மேலாளர்.

"வேலை போனாப் போகட்டும் சார். திருடின்னு பேர் வாங்கிட்டுப் போனா, எந்த அடுப்படியில என்னை உள்ள விடுவாங்க?" என்று கேட்டாள் அவள்.

இதற்கிடையில் சிப்பாய் பருத்துக்கொண்டிருந்தான். மேசை துடைக்கிறவள்தான் முதலில் பார்த்தாள். "அக்கா, இவன் என்ன, மாமியார் வீட்டுல ஒரு மாசம் உக்காந்து தின்னவன் மாதிரி ஆயிட்டான்?" கன்னம் உப்பி, தாடை இரண்டாகி, கோட்டு வயிற்றின் மேல் விறைத்து நின்றது. இருபத்தாறாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படத்துக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். வாழ்நாளெல்லாம் பொத்தானோடு கிடந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெறித்த பொத்தான் கண்ணாடிக்குப் பின்னால் கீழே உருண்டு, உருளும்போதே முழு அளவுக்கு வளர்ந்து, ஓரத்தில் நின்றது. அச்சு இயந்திரக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "பித்தளை. நாலு துளை. நம்ம சரக்கு இல்ல."

படத்துக்குப் பிரேம் போட்டவரை வரவழைத்தார்கள். அவர் பின்பலகையைக் கழற்றியதும் பொத்தான் வெளியே விழுந்தது, இளஞ்சூடாக இருந்தது. படத்தின் அடிப்பகுதி நான்கு விரல் அகலத்துக்கு உள்ளே மடிந்திருந்தது. அவர் கூச்சப்படவேயில்லை. "ரெடிமேட் பிரேம் சார். படம் கொஞ்சம் நீளம். வெறும் எழுத்துதானேன்னு மடிச்சு விட்டேன்." மடிப்பைப் பிரித்தபோது அதில், 'போர் முடியும் வரை மட்டும்' என்று இருந்தது. அதற்குமேல் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அன்றைக்கே பெரிய பிரேம் வந்தது. மறுநாள் இரண்டு கரண்டி இரண்டு கரண்டியாகவே மேசைக்குப் போனது. மேலாளர் எல்லோர் முன்னாலும், "மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். பையைக் கொட்டச் சொன்னவர்கள் ஒரு வாரம் தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள்.

மற்றவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் அளவக்கா நின்று காய் நறுக்கும் இடம் படத்துக்கு நேரெதிரே இருந்தது. இங்கே போர் முடிந்துவிட்டது. படத்தின் ஜன்னலுக்கு வெளியே புகை அடங்கவில்லை. நான்காம் நாள் சிப்பாயின் கோட்டு தொளதொளத்தது. எட்டாம் நாள் கன்னம் ஒட்டிப்போனது. அவன் புகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பியிருந்தான். அவள் உருளைக்கிழங்கை நறுக்கும்போது அவன் கண்கள் கத்தியோடு துண்டுக்குத் துண்டு நகர்ந்தன. பலகையை மறுபக்கம் மாற்றிப்போட்டாள். அப்போது அந்தப் பார்வையைப் பிடரியில் உணர்ந்தாள். பன்னிரண்டாம் நாள் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பானையில் ஒரு தட்டு குறைந்தால் பேச்சு மறுபடி எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். திருடியில்லை என்ற பெயர் அவளுக்கு அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. பதின்மூன்றாம் நாள் மதியம், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, ஒரு தட்டில் இரண்டு கரண்டி ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து வைத்து, படத்துக்குக் கீழேயிருந்த மேசையில் கொண்டுபோய் வைத்தாள். வரிசை நின்றது.

"யாருக்குக்கா அது?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. தட்ட நீட்டு, ஆறிப்போகுது."

கடைசி நான்கு பேருக்கு ஆளுக்கு அரைக் கரண்டி குறைந்தது. அவர்கள் தட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது அந்தத் தட்டும் துடைத்த மாதிரி இருந்தது. விளிம்பில் சேறு படிந்த கட்டைவிரல் ரேகை. மேலாளர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்ச் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் 212ஐ அழித்து 213 என்று எழுதினார். மறுநாள் அவள் பித்தளைப் பொத்தானை ஊசிநூலோடு தட்டோரம் வைத்தாள். சாயங்காலம் அது கோட்டில் இருந்தது. நூல் மட்டும் நிறம் வேறு.

அதன்பிறகு இயந்திரங்கள் மாறின, மேலாளர்கள் மாறினார்கள், அளவக்காவின் கரண்டி வேறு கைகளுக்குப் போனது. பலகையில் எண் ஏறும், இறங்கும். வேலைக்கு வருகிறவர்களைவிட எப்போதும் ஒன்று கூடுதலாகவே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், வெளியூரில் ஒருத்தர் இருக்கிறார் என்கிறார்கள். புகை இன்னும் அடங்கவில்லை. குளிர்காலத்தில் அந்தத் தட்டை மட்டும் மூடி வைக்கிறார்கள், அவன் வந்து எடுப்பதற்குள் ஆறிவிடாமல் இருக்க.