தம்பி பங்குக்கு நாலு சக்கரம்

பாப்பிரெட்டிப்பட்டியில் தீர்த்தனும் அவன் தம்பி மாதுவும் சொத்தைப் பிரித்துக்கொண்டது 1943-இல். நிலமும் கிணறும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. காரில் வந்துதான் பேச்சு நின்றது.

கார் தீர்த்தன் பேரில் இருந்தது. அதில் மாட்டியிருந்த நாலு புது டயரும் மாது கொண்டுவந்தவை. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு ரப்பர் வரத்து நின்றுபோய், பர்மிட் இல்லாமல் டயர் வாங்க முடியாத காலம் அது. மாது பட்டாளத்துக்குத் தோல் பதனிடும் இடங்களுக்கு ஆவாரம்பட்டை அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தக் காகிதத்தைக் காட்டி, சேலத்துக்கு ஆறு தடவை அலைந்து பர்மிட் வாங்கியிருந்தான்.

"காரு அண்ணனுக்கே இருக்கட்டும். சக்கரத்தைக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க" என்றான் மாது.

பஞ்சாயத்துக்காரர்கள் சிரித்தார்கள். மாது சிரிக்கவில்லை. அதற்கு முந்தின பொங்கலன்று, சொந்தக்காரர்கள் நிறைந்த பந்தியில், "மலடிக்கு எதுக்குப் பங்கு?" என்று மாதுவின் மனைவி தங்கம்மாளைப் பார்த்துத் தீர்த்தன் கேட்டிருந்தான். தங்கம்மாள் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தது மாதுவுக்கு மறக்கவில்லை. பிரிக்கச் சொல்லி அவன் நின்றதே அந்தச் சொல்லால்தான்.

சாயங்காலம் தீர்ப்பாயிற்று. தீர்த்தனிடம் டிரைவராக இருந்த சவுரியப்பன் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, நாலு பக்கமும் கல் அடுக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினான். மாது வேறு யாரையும் தொடவிடாமல், ஒவ்வொன்றாகத் தானே தெருவில் உருட்டிக்கொண்டு போனான். தீர்த்தன் வாசலில் நின்று நாலையும் எண்ணிப் பார்த்தான்.

மாது இரண்டு சக்கரத்தைக் கோணியில் சுற்றி, வெயிலும் எண்ணெயும் படாமல் தானிய அறையில் பரண்மேல் வைத்தான். மற்ற இரண்டையும், கொல்லனிடம் இரும்பு அச்சு அடித்து, மாட்டுவண்டியில் மாட்டினான். புளி மூட்டை ஏற்றிய அந்த வண்டி வாராவாரம் அரூர் சந்தைக்குத் தீர்த்தன் வீட்டு வழியாகவே போயிற்று. கட்டைச் சக்கரத்தின் கடகடப்பு இல்லை. "பூனை நடக்கற மாதிரி போவுது பாரு" என்று ஊர் பேசியது. தீர்த்தனுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

ஒருநாள், கொட்டகையில் கல்மேல் நின்ற காரின் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சவுரியப்பனை அவன் கூப்பிட்டான். "டயரு சாவறதுக்கு என்ன வழி?"

சவுரியப்பன் ஏதோ தொழில் விஷயம் கேட்கிறார் என்றுதான் நினைத்தான். "முள்ளு, ஆணின்னா ஒட்டிக்கலாங்க. காத்து கம்மியா வெச்சு ஓட்டுனாத்தான் கேடு. பாரத்துல பக்கம் மடங்கி மடங்கி உள்ள இருக்கற நூலெல்லாம் அறுந்துபோவும்."

"வெளிய தெரியுமா?"

"தெரியாதுங்க. ஒருநாள் வெடிக்கறப்பத்தான் தெரியும்."

"சந்தையில மாது வண்டி அரைநாள் நிக்குது" என்றான் தீர்த்தன்.

சவுரியப்பனுக்குப் புரிந்தது. "பாவங்க, மொதலாளி. ஊருக்கே டயர் இல்லாத காலத்துல..."

"நீயும் உம் பொண்டாட்டி சகாயமேரியும் இருக்கறது எவன் வூடு?"

மூன்று சந்தை நாட்கள். மாது தரகரோடு பேசிக்கொண்டிருக்கையில் சவுரியப்பன் வண்டியடியில் குனிந்து, ஆணி முனையால் வால்வை அழுத்திப் பாதிக் காற்றை இறக்கினான். சக்கரம் பார்வைக்குச் சரியாகவே இருந்தது; மூட்டை ஏறியதும் வயிறு சப்பையாயிற்று. கட்டைச் சக்கரமே ஓட்டிப் பழகிய மாதுவுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. பத்து வருஷம் டயரைக் கண்போல் பார்த்தவன் சவுரியப்பன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சகாயமேரியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் தங்கம்மாளுக்கு வலி கண்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பின் தங்கிய முதல் கர்ப்பம். விடியலில் தொடங்கிய வலி, வெயில் ஏறியும் முடியவில்லை. மருத்துவச்சி செல்லி வெளியே வந்தாள். "கொழந்தை குறுக்க கெடக்குது. கை வெளிய வந்துருச்சு. என்னால ஆவாது சாமி. சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

சேலம் பஸ் காலையிலேயே போய்விட்டது. ஊரில் இருந்த ஒரே கார் அண்ணனுடையது. மாது வண்டியிலிருந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினான். பரணிலிருந்து மற்ற இரண்டையும் இறக்கினான். நாலையும் தீர்த்தனின் கார் கொட்டகை முன்னால் கொண்டுபோய்ச் சாய்த்து நிறுத்தினான்.

கொட்டகை பூட்டியிருந்தது. தீர்த்தன் சாவியை மடியில் செருகிக்கொண்டு வந்தான்.

"காரு வேணும்" என்றான் மாது.

"கும்புட்டுக் கேளு."

மாது கும்பிட்டான். தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உண்டாயிருக்கான்னு ஊரெல்லாம் சக்கரை குடுத்தியே, எம் வூட்டுக்குக் குடுத்தியா? அந்தச் சக்கரை தின்னவங்க வூட்ல போய்க் காரு கேளு. போ."

தீர்த்தனின் மனைவி ராமக்காள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தங்கம்மாளுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. கிணற்றடியில் ஒருத்தியைக் கண்டால் இன்னொருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். ராமக்காள் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

"அவ எனக்கு ஆவாதவதான்" என்றாள் புருஷனிடம். "அதுக்காகச் சாவட்டும்னு வுடறதுக்கு நான் உங்க பொறப்புல பொறக்கல. சவுரியப்பா, மாட்டு."

"மாட்டுனா, இன்னிக்கே உம் பொண்டாட்டியோட வெளிய போவணும்" என்றான் தீர்த்தன்.

சவுரியப்பன் ஜாக்கியை எடுத்தான்.

வண்டியில் ஓடிய சக்கரங்களின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினான். ஓரிடத்தில் மெத்தென்று உள்ளே போனது. நல்ல இரண்டையும் முன்னால் மாட்டினான். முன்சக்கரம் வெடித்தால் மலைப்பாதையில் கார் பள்ளத்தில்தான் நிற்கும். கெட்ட இரண்டும் பின்னால். பம்பை மிதித்துக் காற்றடிக்கும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தங்கம்மாளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் தலையை ராமக்காள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாது முன்னால் ஏறினான்.

மஞ்சவாடிக் கணவாயில் பின்சக்கரம் வெடித்தது. வேட்டு போட்டாற்போல ஒரு சத்தம்; கார் ஆடி, கல்வரிசையை உரசி நின்றது. மாது இறங்கிக் கிழிந்த இடத்தில் விரலை விட்டான். உள்ளிருந்த நூல்கள் பஞ்சாக நைந்து விரலோடு வந்தன.

"புது டயரு. ஒரு வருஷங்கூட ஓடல. எப்படிடா?"

உள்ளே தங்கம்மாள் முனகிக்கொண்டிருந்தாள். சவுரியப்பனால் பொய் சொல்ல முடியவில்லை. "நாந்தாங்க. மூணு சந்தை காத்த எறக்குனேன். பெரியவரு சொன்னாரு."

மாது ஜாக்கிக் கம்பியை ஓங்கினான். சவுரியப்பன் விலகவில்லை.

"அவன அடிச்சா யாரு ஓட்டறது?" என்று காருக்குள்ளிருந்து ராமக்காள் கத்தினாள். "போய்ச் சேந்தப்பறம் அடி!"

மாற்றுச் சக்கரம் கிடையாது. மாது பாதையோரத்துப் புல்லைக் கை கிழியக் கிழியப் பிடுங்கினான். ராமக்காள் மாற்றுக்குக் கொண்டுவந்த புடவையைக் கொடுத்தாள். சவுரியப்பன் டியூபை உருவிப் போட்டுவிட்டுப் புல்லையும் துணியையும் டயருக்குள் திணித்து, வெடித்த இடத்தைக் கயிற்றால் வரிந்து கட்டினான். இருவரும் தலையோடு தலை முட்ட வேலை செய்தார்கள். அதன் பிறகு கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்தது. இரண்டு தடவை நின்று மறுபடி புல் அடைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது.

தங்கம்மாள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

தாமதத்தைப் பற்றி டாக்டரம்மா எதுவும் சொல்லவில்லை. கணவாயில் எவ்வளவு நேரம் போயிற்று என்று சவுரியப்பனே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மாது வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவனை எழுந்து நிற்கச் சொல்லி அடித்தான். கன்னத்தில், மறு கன்னத்தில், கை ஓயும்வரை. பிறகு உள்ளே போய்விட்டான். சவுரியப்பன் அங்கிருந்தே பட்டாளத்து டிரைவர் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, சகாயமேரியை அழைத்துப்போக ஊருக்கு வந்தான். அவள் ஏற்கெனவே சட்டி பானையோடு தெருவில்தான் இருந்தாள்.

ராமக்காள் பஸ்ஸில் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார். காரைத் திருடிவிட்டான் என்று தம்பிமேல் தீர்த்தன் எழுதிக் கொடுத்திருந்தான்.

"பூட்ட ஒடச்சது நானுங்க" என்றாள் ராமக்காள். "எம் பேர எழுதிக்குங்க. கூடவே, சந்தையில காத்தப் புடுங்கச் சொன்னது யாருன்னும் எழுதுங்க. ஒரு கொழந்த செத்துருக்குது."

அக்கம்பக்கத்தார் முன்னால் அவள் இதைச் சொன்னதும் போலீஸ்காரர் தீர்த்தனைப் பார்த்தார். தீர்த்தன் வாசற்படிக்குப் பின்வாங்கினான். அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"உள்ள வராத" என்றான் தீர்த்தன்.

"எங்கப்பன் போட்ட நகைய வித்துத்தான் இந்த வூட்டுக்கு ஓடு மாத்துனீங்க. வேணும்னா நீங்க போங்க." அவனைத் தாண்டி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டாள், எதிரில் உட்காரவில்லை.

ஒரு மாதம் கழித்து, தங்கம்மாள் எழுந்து நடமாடுகிறாள் என்று கேள்விப்பட்டு, ராமக்காள் ஒரு சொம்புப் பாலோடு அவள் வீட்டுக்குப் போனாள். தங்கம்மாள் உரலில் கேழ்வரகு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"உங்க வூட்டு ஆம்பள கொன்னாரு. நீங்க காப்பாத்துனீங்க. ரெண்டும் எனக்கு நெனப்புல இருக்குது" என்றாள். "பால எடுத்துக்கிட்டுப் போங்க."

ராமக்காள் சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.