தாய்மாமன் மடி

வள்ளிக்கண்ணுவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வாயைத் திறந்தால் ‘அக்கா, அக்கா’ என்றுதான் வரும். வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் போனதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

நாங்கள் லால்குடிப் பக்கம் வெள்ளாமை செய்கிறவர்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளையில்லை. அறுபத்தொன்றாம் வருஷம் மாமியாருடைய முதல் திவசம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே ஒரு வேளைச் சாப்பாடு போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ரயிலேறிப் போனோம். உள்ளே நுழைந்தோம். கால் சூம்பிய பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள், வயதுக்குத் தக்க புத்தி வளராத பிள்ளைகள். ஒருவருக்கும் தாய் தகப்பன் கிடையாது. சோற்றைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று தலை நிமிராமல் பரிமாறினேன்.

அந்தப் பந்தியில்தான் செல்லக்கிளி இருந்தாள். ஏழு வயது இருக்கும். சற்றே சாய்ந்த கண், கொஞ்சம் வெளியே தெரியும் நாக்கு, ஆடி ஆடி நடக்கிற நடை. நாலைந்து சொல்லுக்குமேல் பேச்சு வராது. சாப்பிட்டுக் கை கழுவியவள் நேரே என்னிடம் வந்து, ஈரக் கையை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. சொந்தத் தாயிடம் பிள்ளைகள் அப்படித்தானே செய்யும்? என் முந்தானையில் அதுவரை யாரும் கை துடைத்ததில்லை.

அதன்பிறகு அமாவாசைக்கு அமாவாசை போக ஆரம்பித்தேன். “திவசம் வருஷத்துக்கு ஒரு தடவைதானே மயிலு?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “உங்கம்மாவுக்குப் பசிக்காதா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

வள்ளிக்கண்ணு உறையூர்க்காரி. அவள் புருஷன் காத்தான் தறி நெய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்து வந்து பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, சடை பின்னிவிட்டுப் போவாள். எனக்குமுன்பே வந்துகொண்டிருந்தவளாம். வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் வேறு. மூன்று பெற்றவளுக்கு இங்கே என்ன வேலை? பந்தியில் ஏற்கெனவே இரண்டு தடவை சோறு வாங்கியவள் மூன்றாம் தடவை இலையை நீட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு தடவை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கோயில் வாசலில் நெருக்கத் தொடுத்த மல்லிகையாகப் பார்த்து வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டு போனேன். செல்லக்கிளிக்குப் பூ வாசனை என்றால் உயிர். நினைத்தபடியே ஓடி வந்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மூக்கைப் பூவில் புதைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? சரத்தை அப்படியே உருவிக்கொண்டு, மூலையில் ஒரு பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணுவிடம் போய், அவள் கொண்டையில் சுற்றிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது.

அந்த வருஷம் இல்லத்துக் கமிட்டியார் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். நல்ல குடும்பமாகக் கேட்டு வந்தால், ஒன்றிரண்டு பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே வளர அனுப்பலாம் என்று. செல்லக்கிளியை எனக்குக் கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டுவிட்டேன். வள்ளிக்கண்ணுவும் கேட்டிருந்தாள்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்ட டோரதி டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் கமிட்டி முன்னாடி வந்து, சம்மதம்னு வாயால சொல்லணும்மா. தை மாசம் கூட்டம் இருக்கு. அன்னைக்கே பிள்ளைக்குக் காது குத்திடலாம்னு வள்ளிக்கண்ணு ஆசைப்படுது. வள்ளிக்கண்ணுக்கு அண்ணன் தம்பி யாருமில்லையாம். மடியில உக்கார வைக்கக் கரூர்லேருந்து பெரியப்பா மகனைக் கூட்டியாரப் போகுதாம்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். இன்றைக்குக் காது குத்துவாள், நாளைக்குப் பிள்ளையே என்னுடையது என்பாள்.

“கரூர்லேருந்து எதுக்கு டீச்சர் ஆளு? எங்க வீட்டுக்காரர் உக்காருவாரு” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதாம்மா. எங்களுக்கு ஒரு மடி வேணும், அவ்வளவுதான். போன மாசம் ஒரு பையனுக்கு வாட்ச்மேன் ரசூல் மடியிலதான் வச்சுக் குத்தினோம்.”

என் எண்ணமும் அதுதான். அநாதை இல்லத்தில் யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் மச்சான்? கமிட்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்க என் புருஷன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து அவளைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இதுதான் நான் போட்ட திட்டம். கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“தாய்மாமன் மடியா? நானா?”

“மாமனுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சும்மா மடிதாங்க. குத்தி முடிஞ்சதும் கமிட்டியில கேப்பாங்க. பிள்ளையை நாங்க வளக்குறோம்னு சொல்லிடுங்க.”

“ம்” என்றார். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அக்கா தங்கை கிடையாது. மறுநாள் நான் சொல்லாமலே திருச்சிக் கடைத்தெருவுக்குப் போய்ப் பட்டுப் பாவாடை, தங்கத்தில் சின்னத் தோடு, தாம்பாளம், தேங்காய் பழம் எல்லாம் வாங்கி வந்தார். மகளுக்கு வாங்குகிறார் என்று எனக்குப் பூரிப்பு.

கூட்டத்தன்று இல்லத்துக் கூடத்தில் பாய் விரித்தார்கள். பிள்ளைகளெல்லாம் சுற்றி உட்கார்ந்து காப்பரிசிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செல்லக்கிளியை அவர் மடியில் வைத்தோம். பட்டுப் பாவாடையைத் தடவித் தடவிச் சிரித்தாள். ஊசியை எடுத்துக்கொண்டு, “அம்மா வந்து கையைப் பிடிச்சுக்குங்க” என்றார் வீரமலை ஆசாரி.

நான் இரண்டெட்டு முன்னால் வந்தேன்.

ஆசாரி என்னையும் என் வீட்டுக்காரரையும் பார்த்தார். “நீங்க மாமன் சம்சாரம் இல்லையா? நீங்க அத்தையாச்சே. அம்மா எங்க?”

வள்ளிக்கண்ணு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வரலாமா கூடாதா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “வாம்மா வள்ளிக்கண்ணு” என்றார் என் வீட்டுக்காரர். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் செல்லக்கிளி வீறிட்டாள். இரண்டாவது காது குத்தி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

பலகாரம் கொடுத்து முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் கேட்டார். அவர் ஸ்ரீரங்கத்து வக்கீல். “மிஸ்டர் தர்மராஜ், உங்க சம்மதத்தைச் சொல்லிடுங்கோ. குழந்தையை நீங்க அழைச்சுண்டு போறேளா?”

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார். பிள்ளை இன்னும் அவர் கையில்தான் இருந்தாள்.

“என் மடியில வச்சுக் காது குத்தியாச்சுங்க. இனிமே இது என் தங்கச்சி மக. தங்கச்சி பிள்ளையைப் பறிச்சுக்கிட்டுப் போற அண்ணன் எந்த ஊர்லயாவது உண்டுங்களா? பிள்ளை அதோட அம்மாகிட்டயே இருக்கட்டும். நல்லது கெட்டதுக்கு மாமன் நான் இருக்கேன்.”

சொல்லிவிட்டுப் பிள்ளையை வள்ளிக்கண்ணு கையில் கொடுத்தார். “மச்சான்!” என்று காத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் தறிக்காரர்கள், நாங்கள் வயக்காட்டுக்காரர்கள். அதுவரை ஒட்டுமில்லை, உறவுமில்லை. வள்ளிக்கண்ணு அழுதுகொண்டே அவர் காலில் விழுந்தாள், பிறகு என் காலிலும் விழுந்தாள்.

“ஆசீர்வாதம் பண்ணுங்க அண்ணி” என்றாள்.

நேற்றுவரை அக்கா. “நல்லாரு” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? மடியைக் கொடுக்கிறேன் என்று வலியப் போய்ச் சொன்னவள் நான்தானே.

சாயங்கால ரயிலில் கொள்ளிடம் பாலம் வந்தபோது அவர் பேச ஆரம்பித்தார். முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. “மயிலு, அடுத்த பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவணும். தங்கச்சிக்குச் சேலை. பயலுவ மூணு பேருக்கும் சட்டை. பிள்ளை பெரிசானா முதல் சேலை நம்ம வீட்டுதுதான்…”

“நிறுத்துங்க” என்றேன். “உங்களுக்குத் தங்கச்சி கெடைச்சாச்சு. மச்சான் கெடைச்சாச்சு. மருமவப்பிள்ளைங்க கெடைச்சாச்சு. எனக்கு?”

“நீ அத்தைல்ல? லீவுக்கெல்லாம் பிள்ளை நம்ம வீட்டுக்குத்தான் வரும்.”

“வரும்ங்க. வந்துட்டு அம்மாவைத் தேடி அழும்.”

சிரிப்பு மறைந்து என் பக்கம் திரும்பினார். அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மடியில் உட்கார்ந்த பிள்ளையின் சூடு இன்னும் அவர் வேட்டியில் இருந்திருக்கும். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை. வள்ளிக்கண்ணுவை மறந்துவிட்டு, அந்த நேரத்தில் என் புருஷனைப் பார்த்துத்தான் நான் பொறாமைப்பட்டேன்.