ஒலிம்பியாவின் நீலத் தட்டு

பதினாலாயிரத்து அறுநூற்று இருபது டாலர். மச்சான் சில்வியோ தரவேண்டிய பாக்கி. நான்கு வருஷமாக அது ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டானோவுக்குத் தன் மகள் பிறந்த தேதி சட்டென்று நினைவுக்கு வராது; இந்தத் தொகை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

சில்வியோ, கேட்டானோவின் மனைவி லொரெட்டாவுக்குத் தம்பி. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்தில், அட்வெல்ஸ் அவென்யூவில், 'ஒலிம்பியா' என்று தன் அம்மா பெயரில் ஓட்டல் வைத்திருக்கிறான். வெள்ளை மேஜைவிரிப்பு, கறுப்புக் கோட்டு போட்ட பரிமாறுகிறவர்கள், ஒரு தட்டு கன்றுக்கறி நாற்பத்தெட்டு டாலர். அந்த ஓட்டலுக்கு மொசைக் தரை போட்டவன் கேட்டானோ. சிமென்டைப் பரப்பி, சில்லுகளைத் தூவி, பித்தளைப் பட்டை பதித்து, மெஷினை நாள்கணக்கில் ஓட்டித் தேய்த்து, மூலைமுடுக்குகளை மண்டிபோட்டுக் கையாலேயே தேய்த்து முடிக்க ஏழு வாரம் ஆனது. கல்லும் சிமென்டும் அவன் கைக்காசு. அந்த ஏழு வாரத்தில்தான் அவன் வலது முழங்கால் போனது. இன்றைக்கும் படி ஏறினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் கேட்கும்.

"பணம் எங்க அத்தான் ஓடிப்போகப் போகுது? வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்பான் சில்வியோ, பார்க்கும்போதெல்லாம். கேட்டானோ போனதே இல்லை. அந்த வாசலில் ஓசியில் ஒரு வாய் தின்றுவிட்டால் பாக்கியும் அந்தத் தட்டோடு கரைந்துவிடும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். கல்யாணம், ஞானஸ்நானம், எது நடந்தாலும் அங்கே விருந்தென்றால் அவனுக்கு அன்று முழங்கால் வலிக்கும்.

லொரெட்டாவுக்கு அறுபதாவது பிறந்தநாள் நெருங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டான்.

"என் தம்பி ஓட்டல்ல, என் புருஷனும் என் மகளும் பக்கத்துல இருக்க, ஒரு வேளை சாப்பிடணும்" என்றாள். பிறகு அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "அங்க நீ பணத்தப் பத்தி வாயத் திறக்கக் கூடாது கேட்டானோ. அதான் எனக்கு நீ தர்ற பரிசு. வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா ஒலிம்பியா செத்தபோது லொரெட்டாவுக்குப் பத்தொன்பது, சில்வியோவுக்கு ஏழு. அவள்தான் அவனுக்கு ஜட்டி துவைத்தாள், பேன் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் போய் அவனுக்காகச் சண்டை போட்டாள். இதெல்லாம் கேட்டானோவுக்குத் தெரியும். சரி என்றான். ஆனால் சாப்பாட்டுக்குக் காசு தான்தான் கொடுப்பேன் என்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, ஆயிரம் டாலரை ரொக்கமாக எடுத்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

பிறந்தநாளன்று வியாழக்கிழமை, மாலை ஆறு மணி, நல்ல வெயில். உள்ளே நுழைந்ததும் ஒலிம்பியாவின் படம், அதன் கீழே பூ. லொரெட்டா படத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். கேட்டானோ படத்தைப் பார்க்கவில்லை. தலை தானாகக் குனிந்தது. தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு விரிசல் இல்லை.

"அப்பா, மெனு மேல இருக்கு, கீழ இல்ல" என்றாள் மகள் கார்லா.

"நடக்கத் தெரியாதவன் மாதிரி நடக்காத. நிமிந்து வா" என்றாள் லொரெட்டா. ஆனால் ஜன்னலோரத்து மேஜைக்கு வந்ததும் அவளே குனிந்து பார்த்தாள்.

அந்த இடத்தில் வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு நீலம் சிதறியிருக்கும். ஒலிம்பியாவின் தட்டு அது. ஞாயிற்றுக்கிழமை மக்ரோனியை அந்தப் பெரிய நீலத் தட்டில்தான் கொட்டுவாள். அவள் போன பிறகு லொரெட்டா வைத்திருந்தாள். தரை வேலை நடந்த சமயம் அது கை தவறி உடைந்தது. துண்டுகளைத் துணியில் கட்டி எடுத்து வந்து புருஷனிடம் கொடுத்தாள். "இதையும் போட்டுத் தேய். அம்மா இங்கேயே இருக்கட்டும்." அன்று சில்வியோ ஈர சிமென்டுக்கு வெளியே நின்று அழுதான். பொய்யழுகை இல்லை. கேட்டானோ பக்கத்தில் நின்று பார்த்தவன்.

"வந்தாச்சா, வந்தாச்சா!" சில்வியோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். அக்காவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். கார்லாவின் கன்னத்தில் ஒரு கிள்ளு. "அத்தான்! நாலு வருஷம் கழிச்சு! போப் வந்தாக்கூட நான் இவ்வளவு ஆச்சரியப்பட மாட்டேன்."

"போப் வந்தா காசு குடுப்பாரா மாமா?" என்றாள் கார்லா.

"இன்னைக்கு யார்கிட்டயும் காசு வாங்குறதில்ல. பையத் தொட்டீங்க, கைய உடைச்சிருவேன்." ஒரு கவரை அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். எங்கள் இத்தாலி ஆட்களின் பிறந்தநாளில் கவர்தான் பரிசு. உள்ளே ஒரு வாழ்த்து அட்டை, அட்டைக்குள் நோட்டு. லொரெட்டா அப்போதே பிரித்தாள். இருநூறு டாலர். அட்டையில் சில்வியோவின் கோணல் எழுத்து: 'என் இரண்டாவது அம்மாவுக்கு.' அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் பக்கம் அட்டையை நீட்டினாள், பார் என்கிற மாதிரி. கேட்டானோ பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு தட்டுகள் வர ஆரம்பித்தன. கேட்காததெல்லாம் வந்தது. காரக் குடைமிளகாய் போட்ட கணவாய் வறுவல், நத்தை சாலட், ரிகட்டோனி மக்ரோனி, கன்றுக்கறி. சில்வியோ போகிற போக்கில் வந்து வந்து தட்டைப் பார்ப்பான். "என்ன அத்தான், கொறிக்கிறீங்க? விஷமா வச்சிருக்கேன்?"

"பல்லு வலி" என்றான் கேட்டானோ.

"அப்பாவுக்கு எங்க வந்தா எங்க வலிக்கும்னு ஒரு அட்டவணையே இருக்கு" என்றாள் கார்லா. லொரெட்டா சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கும் கொஞ்சம் இளகிவிட்டது. ரிகட்டோனியை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இவள் சிரிக்கட்டும் என்று நினைத்தான். அது உண்மையாகவே நினைத்ததுதான்.

அந்தச் சமயத்தில் சில்வியோ ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். உயரமான ஐரிஷ்காரர், டாக்டர் ஹாலரன். நியூபோர்ட்டில் இரண்டாவது ஓட்டல் திறக்கப் பணம் போடப்போகிறவர். "என் குடும்பம் டாக்டர். அக்காவுக்குப் பிறந்தநாள்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துத் தரையைக் காட்டினான்.

"பாருங்க. இதுக்கு வெனிஸ்ல இருந்து நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன். பரம்பரையா இதே வேலை. எண்பதாயிரம் ஆச்சு. நியூபோர்ட்டுக்கும் அவங்களேதான் வர்றாங்க."

கேட்டானோவின் முள்கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. மனைவியைப் பார்த்தான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குக் கொஞ்சம் அளக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவள் அதை மென்று விழுங்குவது தெரிந்தது. அவனும் கறியை வாயில் போட்டு மென்றான்.

டாக்டர் குனிந்தார். "இந்த நீலம் ரொம்ப அழகா இருக்கே. என்ன கல்லு இது?"

"கல்லு இல்ல டாக்டர். முரானோ கண்ணாடி" என்றான் சில்வியோ. "வெனிஸ்காரங்க ஊதுறது. கிராம் கணக்குல வாங்கினேன்."

லொரெட்டா கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

டாக்டர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாலு மேஜை தள்ளித் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கினார்கள். கேக் வந்தது. பரிமாறுகிறவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பாடினார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் கூடப் பாடினார்கள். சில்வியோவின் குரல்தான் உச்சம். பாட்டு முடிந்தது. லொரெட்டா மெழுகுவர்த்தியை ஊதவில்லை. மெழுகு உருகிக் கேக்கின் மேல் சொட்டியது. பாடினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லக் கலைந்தார்கள்.

"என்னக்கா, அவ்வளவு பெரிய வேண்டுதலா? எனக்கு மட்டும் சொல்லேன்" என்றான் சில்வியோ.

"பதினாலாயிரத்து அறுநூத்து இருபது" என்றாள் லொரெட்டா.

கேட்டானோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்குக் கடைசி இருபது டாலர்வரை சரியாகத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

சில்வியோ சிரிக்கப் பார்த்தான். "அத்தான் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்தாரா?"

"அவர் வாயத் திறந்தாரா? நான் கேக்குறேன். அது என்னடா, முரானோ கண்ணாடி?"

"அக்கா, மெதுவா." நாற்காலியை இழுத்து ஒட்டி உட்கார்ந்தான். "வியாபாரம்க்கா. அந்த மனுஷன் ரெண்டு லட்சம் போடுறார். உடைஞ்ச தட்டுன்னு சொன்னா போடுவாரா? சும்மா ஒரு பேச்சு அது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும்."

"அம்மாவ இழுக்காத."

"பணம் தர்றேன்னுதான சொல்றேன். இந்த மாசம் முடியாது. நியூபோர்ட் முடியட்டும்."

"பணம் வேணாம்" என்றாள் லொரெட்டா. அவள் குரல் தணிந்தது. பேன் பார்த்த காலத்தில் பேசின குரல். "பணத்த விட்டுடறோம். அவரும் விட்டுடுவார். நீ எந்திரிச்சு அந்த ஆளுகிட்ட போ. இந்தத் தரை எங்க அத்தான் போட்டது, இந்த நீலம் எங்க அம்மா தட்டுன்னு சொல்லிட்டு வா. அவ்வளவுதான். எழுந்திரு ராஜா."

தன்னைக் கேட்காமல் தன் ஏழு வாரத்தை அவள் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கேட்டானோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வா என்று அவனும் உள்ளுக்குள் சில்வியோவை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பதினாலாயிரம் போனால் போகிறது. 'எங்க அத்தான்' என்று அவன் சொல்ல வேண்டும், அந்த நெட்டை மனுஷன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சில்வியோ டாக்டர் மேஜையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். முகத்தை இரண்டு கையாலும் ஒருமுறை தேய்த்துக்கொண்டான். எழுந்தான்.

லொரெட்டாவின் கை மேஜைக்குக் கீழே புருஷன் கையைத் தேடிப் பிடித்தது.

சில்வியோ நாலு மேஜை தாண்டி நடந்தான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சில்வியோ அவர் தோளைத் தட்டிவிட்டு நிற்காமல் போய், பின்கட்டில் இருக்கிற தன் அறைக்குள் நுழைந்தான்.

ஐந்து நிமிஷம் ஆனது. கேக்கில் மெழுகுவர்த்தி தானாகவே அணைந்தது.

திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு செக் இருந்தது, மை இன்னும் காயாமல். மேஜைமேல் வைத்து விரலால் கேட்டானோ பக்கம் தள்ளினான்.

"இந்த மாசம் முடியாதுன்ன" என்றாள் லொரெட்டா.

"இப்ப முடிஞ்சிருச்சு. திருப்திதான? இனி அந்த ஆளு காதுல ஒரு வார்த்த விழக்கூடாது."

கேட்டானோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். பதினாலாயிரத்து எட்டு டாலர்.

"குறையுது" என்றான். அன்று மாலை அவன் பாக்கியைப் பற்றிப் பேசிய ஒரே வார்த்தை.

"சாப்பாட்டக் கழிச்சிருக்கேன். அறுநூத்துப் பன்னெண்டு."

கார்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டானோ அவளைக் கையமர்த்தினான். "நல்லதாப் போச்சு மச்சான்" என்றான். "என் காசுல சாப்பிட்டேன்."

டாக்டர் மேஜையில் யாரோ கூப்பிட்டார்கள், சில்வியோ சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

லொரெட்டா வாழ்த்து அட்டைக்குள்ளிருந்த இருநூறு டாலரை எடுத்துப் பரிமாறினவருக்கென்று தட்டின் அடியில் வைத்தாள். செக்கை அதே அட்டைக்குள் செருகி, கவரை மூடினாள். மீதியைப் பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று பரிமாறினவர் வந்து கேட்டார். எங்கள் ஆட்கள் வீட்டுப் பெண்கள் ரொட்டித்துண்டைக்கூட விடாமல் கட்டிக்கொண்டு போகிறவர்கள். "வேணாம்ப்பா" என்றாள். எழுந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளாமல் தூக்கி நகர்த்தினாள், நீலத்தில் கால் உரசாமல். வாசலில் அம்மா படத்தைத் தாண்டி நேராக நடந்தாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டானோ பர்ஸைத் திறந்து, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன நாலு வருஷத்துத் தரை வேலைப் பில்லை வெளியே எடுத்தான். முழங்கால்மேல் வைத்து நீவினான். மகளிடம் பேனா வாங்கி, நாற்பது வயதில் இரவுப் பள்ளியில் கற்ற பெரிய பெரிய எழுத்தில், 'பாக்கி இல்லை' என்று எழுதினான். அதன் கீழே தேதி போடப்போனான்.

"இன்னைக்குத் தேதி போடாத" என்றாள் லொரெட்டா, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அது எனக்கு வருஷா வருஷம் வரும்."

அவன் மறுநாள் தேதியைப் போட்டான்.