வந்தால் அழுத்த வேண்டிய பட்டன்

டாக்டரைக் கண்டால் என் இதயம் நல்ல பிள்ளையாகிவிடும். வீட்டில் அது ஆடும் ஆட்டம் எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துள்ளு. உடனே யாரோ துரத்துவதுபோல் ஓட ஆரம்பித்துவிடும். கழுத்து துடிக்கும், காது அடைத்துக்கொள்ளும், கால் தரையில் பாவாது. பிறகு வந்த மாதிரியே பட்டென்று நின்றுவிடும். ஒரு தடவை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் படியேறி வருவதற்குள் நின்றுபோனது. வந்தவர்களைச் சும்மா அனுப்ப வெட்கமாக இருந்ததால், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

என் வேலை பல் கட்டுவது. பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அச்சை எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நான் அதன்மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக நிறுத்தி, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, செட்டாக்கிக் கொடுப்பேன். லேபில் எல்லாருக்கும் நான் பல்லக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார், அவர் என்னைவிட மூத்தவர் என்பதை மறந்து. ஊரில் எத்தனையோ பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. பாலிஷ் மிஷின் ஓடும் இரைச்சலில் எனக்கு மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால், என்ன பல்லக்கா தியானமா என்பார் பக்கத்து மேஜைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டில் நான் தனி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை நானும் அம்மாவும், இப்போது நான் மட்டும். இந்த ஓட்டம் வந்த பிறகு குளிக்கும்போது கதவைத் தாழிடுவதில்லை. உள்ளே விழுந்து கிடந்தால் ஆள் வந்து திறக்க வேண்டுமே என்ற பயம். வருவதற்கு ஆள் யார் என்று யோசித்தால் சிரிப்பு வரும், கூடவே அழுகையும். பஸ்ஸில் ஏறப் பயம், லிஃப்டில் பயம், கடையில் வரிசையில் நிற்கப் பயம். அது வந்து போகும் நேரம் கொஞ்சம்தான். வந்துவிடுமோ என்ற பயம் நாள் முழுக்க என்னோடு குடியிருந்தது.

தினமும் சாயங்காலம் தங்கை போன் செய்வாள். வேறு ஊரில் புருஷன், பிள்ளை, மாமியார் என்று இருக்கிறாள். மாமியாரின் அன்றைய அட்டகாசங்களை அவள் நடித்தே காட்டுவாள். அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் நான் அந்த நேரத்துக்குக் காத்திருப்பேன். ஆனால் என் நெஞ்சைப் பற்றி ஆரம்பித்தால், உனக்குப் பயம், வேறு ஒன்றுமில்லை என்று வெடுக்கென்று முடித்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதய டாக்டர் விவரமாகச் சொன்னார். தொடையில் ஓடும் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, இதயத்தில் தப்பாகத் தூண்டிவிடும் இடத்தைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த ஓட்டத்தை ஒரு முறையாவது பதிவில் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் சிகிச்சைக்கான வரிசையில் பெயர் சேரும். மார்பில் பட்டைகளை ஒட்டி, ஒரு சின்ன மிஷினை இடுப்பில் மாட்டிவிட்டார்கள். அதில் ஒரு பட்டன். அது வந்தால் அழுத்த வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். உடம்பில் மிஷின் இருக்கிறதே என்று கண்ணும் கருத்துமாக இருந்தேன். லீவு போட்டேன். காபியைத் தொடவில்லை, படி ஏறவில்லை, வேகமாகத் திரும்பிப் படுக்கவும் இல்லை. மிஷினைத் திருப்பிக் கொடுக்கும்வரை போன் செய்யாதே, எதையாவது சொல்லிப் படபடப்பைக் கிளப்பிவிடுவாய் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்போமே, அப்படி. பரீட்சையில் தேறவேண்டும் என்று நினைத்துவிட்டேன், தேறினால் தோற்றுப்போவேன் என்ற புத்தி இல்லாமல். பதிவு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் சுத்தம்.

டாக்டர் அன்பாகத்தான் சொன்னார். தனியாக இருப்பவர்களுக்கு மனம் படபடக்கும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் தூங்கினேன், பஸ்ஸில்கூட ஏறினேன். ஆனால் அந்த ஓட்டம் மட்டும் அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. தங்கையிடம் சொன்னதும், நான்தான் அப்பவே சொன்னேனே என்றாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. போனை வைத்த பிறகு, என் நெஞ்சுக்குள் நடப்பதை நம்ப இந்த உலகத்தில் ஓர் ஆள் இல்லை என்று பட்டது. அம்மா போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் மிஷினை வாங்கினேன். இந்தத் தடவை அதைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று இறங்கினேன். திக்காகக் காபி போட்டுக் குடித்தேன். லிஃப்டை விட்டுவிட்டு லேபுக்குப் படியில் ஏறினேன். கோணல் மாணலான வாய் எது வந்தாலும் எனக்கே கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். சம்பள உயர்வுக்கு அடிபோடுகிறேன் என்று நினைத்து அவர் இரண்டு நாள் என் கண்ணிலேயே படவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் வலியப் போய்ச் சண்டை இழுத்தேன். பாவம், அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். தலைகீழாக நின்றும் இதயம் மசியவில்லை.

மிஷினைத் திருப்பித் தர வேண்டிய காலை வந்தது. என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சண்டை. அம்மா போன சமயத்தில் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு அம்மாவைச் சாக்கு சொல்லாதே என்று. அதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை, ஆனால் பதில் உள்ளேயே கிடந்தது. போன் செய்து, எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் அதை எடுத்து வீசினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ உன் குடும்பத்தைப் பார்க்கப் போனாய், அம்மாவை நான் பார்த்தேன், இப்போது எனக்கு ஒன்று என்றால் அதுவும் பொய்யா, நான் செத்தால்தான் நம்புவாயா என்று கேட்டேன்.

அவள் திருப்பித் திட்டவில்லை.

"அப்பா எப்படிப் போனாருன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். "சட்டை போட்டுட்டு இருந்தாரு, நெஞ்சைப் பிடிச்சாரு, அவ்வளவுதான். நீயும் நெஞ்சுன்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பயம் பயம்னு நான் சொல்லிட்டே இருந்தா அது வெறும் பயமாவே இருந்துடும்னு நெனச்சேன்க்கா. பயத்துல யாரும் சாக மாட்டாங்கல்ல."

செய்வதறியாமல், நாற்காலிக்கு அடியில் போயிருந்த செருப்பை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது நெஞ்சுக்குள் அந்தத் துள்ளு. காபிக்கு வராதது, படிக்கு வராதது, ஒரு செருப்புக்கு வந்தது. பட்டனை அழுத்தினேன். தொலைத்துத் தேடிய பிள்ளை வாசலில் வந்து நிற்பதுபோல் சந்தோஷம், அதே சமயம் பயம். இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வந்துடுச்சுடி," என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. போனை மட்டும் வைத்துவிடாதே என்றாள். இந்தப் பக்கம் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் அவள். அது நிற்கும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.

பதிவைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையை என் பக்கம் திருப்பினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் திடீரென்று நெருக்கியடித்துக்கொண்டு ஓடியது. "இது உங்க கற்பனை இல்லம்மா. நிஜமாவே நடக்குது," என்றார். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மயக்கம் வந்தாலோ நிற்காமல் ஓடினாலோ உடனே வந்துவிட வேண்டும் என்றார். அது வந்தால் நிறுத்த, மூச்சைப் பிடித்து அடிவயிற்றால் எப்படி முக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வரிசையில் பெயரைச் சேர்த்தார். வரிசை நீளமாம், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாதாம். எனக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. வெளியே வந்து நின்ற இடத்திலிருந்தே தங்கைக்குச் சொன்னேன்.

"அப்ப நிஜந்தானா," என்றாள்.

அன்றிலிருந்து அவள் மாறிவிட்டாள். காலையிலும் கூப்பிடுகிறாள், சாயங்காலமும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டு, குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல் பேசுகிறாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மறுபடி வந்ததா. மாமியார் கதை நின்றுபோனது. வேண்டுமென்றே சீண்டினாலும், சரிக்கா சரிக்கா என்கிறாள். ராத்திரி அவள் தூங்குவதே இல்லை, நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் என்று அவள் கணவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தலையால் தண்ணீர் குடித்து நான் சம்பாதித்த நம்பிக்கை, அவளிடமிருந்த தைரியத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பயந்தே செத்துக்கொண்டிருந்த எனக்கு, பயப்படாத ஒருத்தி போனில் இருந்தாள். இப்போது இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் என்ன நினைத்தாளோ, பேச்சுவாக்கில் மாமியார் கதைக்குள் போய்விட்டாள். டிவி ரிமோட்டைக் காணோம் என்று மாமியார் வீட்டையே இரண்டாக்கிவிட்டாராம். மருமகள்தான் ஒளித்துவைத்தாள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டாராம். கடைசியில் அது ஃபிரிட்ஜுக்குள் இருந்ததாம். அவர் குரலிலேயே அதைச் சொல்லிக்காட்டி, சொல்ல முடியாமல் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

அப்போது என் நெஞ்சுக்குள் துள்ளியது. ஓட ஆரம்பித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து முக்கினேன்.

என்னக்கா சத்தத்தையே காணோம் என்றாள். குரலிலிருந்து சிரிப்பு வடியத் தொடங்கியிருந்தது.

"துணி மடிச்சிட்டு இருக்கேன்டி," என்றேன். "ஃபிரிட்ஜுல யாரு வெச்சாங்களாம், அதைச் சொல்லு."