ஊசித்துளை வழியே வந்தவள்

சுவரில் தெரு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, எதிர்வீட்டு சேவியர் அண்ணனின் மாடி தரையைத் தொட்டபடி, வேப்பமரம் தூர் மேலாகவும் கிளை கீழாகவும், உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று உத்தரத்தை ஒட்டி ஊர்ந்து போகிறது, வானம் எங்கள் கால்மாட்டில் வெளிறிய நீலக் குட்டையாகக் கிடக்கிறது, என் மடியில் ரின்சி சாய்ந்திருக்கிறாள், அக்காவின் மகள், எட்டு வயது, அவள் மூச்சு என் கையில் சுடுகிறது, வெளியே தூத்துக்குடியின் உச்சிவெயில், உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு நாங்கள் செய்துகொண்ட இருட்டு, ஜன்னலை அடைத்த அட்டையில் ஊசியால் குத்திப் பெரிதாக்கிய ஒரு துளை, அவ்வளவுதான், தெரு முழுக்க அதன் வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது, சித்தி, நம்ம வாசல்ல யாரோ நிக்காங்க, என்கிறாள் ரின்சி, நானும் பார்க்கிறேன், கேட்டுக்கு வெளியே வெளிர்பச்சைச் சேலையில் ஒரு பெண், தலைகீழாக, குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்தபடி, அந்தச் சேலையை எனக்குத் தெரியும், அதை அக்காவுக்குக் கடைசியாக உடுத்திவிட்டதே நான்தான்.

அக்கா ஜெனிட்டா எழுதுவாள், நான் படம் போடுவேன், அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகங்கள் செய்துவந்தோம், எலுமிச்சம்பழத்தில் மின்சாரம் எடுப்பது, வெங்காயத் தோலுக்குள் தெருத்தெருவாக அடுக்கியிருக்கும் செல்கள், தண்ணீரில் மிதந்தபடி வடக்கைத் தேடும் ஊசி, எதை எழுதினாலும் முதலில் ரின்சி செய்து பார்க்க வேண்டும், அவள் கொட்டாவி விட்டால் அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள், புள்ள படிச்சிட்டு ஒக்காந்தே இருந்தா அது பாடப்புத்தகம்டி, எந்திரிச்சு ஓடுச்சுன்னாதான் அது நம்ம புத்தகம், என்பாள், சமையலறைத் தரையில் எப்போதும் ஏதாவது சிந்திக்கிடக்கும், சிரிப்புச் சத்தத்தில் பால் பொங்கி வழியும், கடைசியாக அவள் எழுதிக்கொண்டிருந்தது வெளிச்சத்தைப் பற்றிய புத்தகம், அதன் கடைசிப் பாடம் இந்த இருட்டறை, அதற்குள் அவளை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது, வண்டியில் ஏறும்போது, அந்தப் பாடத்த நீ தொட்றாத, நான் வந்து ரின்சியோட செஞ்சு பாத்துட்டு எழுதுதேன், என்றாள், வெள்ளைத் துணி போர்த்தித்தான் திரும்பி வந்தாள், கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் அடக்கம் முடிந்த பிறகுதான் வந்துசேர முடிந்தது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, குழந்தையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போனார், ரின்சி அழவே இல்லை, பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான், ஒருநாள் தானாகவே வந்து, அம்மா சொன்ன இருட்டு ரூம் செய்வமா, என்று கேட்டாள், நான் போர்வைகளைத் தேடி எடுத்தேன்.

அந்த முதல் நாள் நான் பதறி எழுந்து போர்வையை இழுத்து, அட்டையைத் தள்ளி, ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கண்கூசும் தெரு, பூட்டிய கேட், வேப்பம்பழம் பொறுக்கும் காக்கை, வேறு யாரும் இல்லை, ஏன் சித்தி தெறந்த, என்று ரின்சி கோபப்படுகிறாள், நட்சத்திரம் பகல்லயும் இருக்கும், வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத்தான் தெரியாதுன்னு அம்மா எழுதலியா, என்று கேட்கிறாள், அக்கா எழுதியிருந்தாள், அந்தப் பக்கத்துக்குப் படம் போட்டது நான், மறுநாள் மத்தியானம் நாங்கள் மறுபடி இருட்டைத் தொங்கவிடுகிறோம், அன்றும் அவள் வந்தாள், கேட்டுக்கு உள்ளே, பூந்தொட்டிகளின் அருகே, முந்தைய நாளைவிடப் பெரியவளாக, துளைக்கு அருகில் வர வர உருவம் பெரிசாவும் சித்தி, என்றாள் ரின்சி, பாடம் ஒப்பிக்கிற குரலில், அம்மா கிட்ட வாறாங்க.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டிருந்த நாட்கள் ஞாபகம் வருகின்றன, இதே அறை, இதே ஜன்னல் சாத்திக் கிடந்தது, சுவரில் நிழல்கள் நடந்துபோக நான் பயந்து அலற, அது தெருதான்டி, வேற ஒண்ணுமில்ல, என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், இப்போது என் கையைப் பிடித்திருப்பது அவளா அவள் மகளா என்று இருட்டில் எனக்குக் குழம்பிவிடுகிறது, விரல்கள் ஒரே மாதிரி மெலிந்திருக்கின்றன, ரின்சி சோற்றைத் தள்ளிவைக்கிறாள், பேச்சு குறைந்துவிட்டது, காலையில் எழுந்ததும் வெயில் ஏறிவிட்டதா என்று மட்டும் கேட்கிறாள், சென்னையிலிருந்து பதிப்பகத்தார் போன் பண்ணி அந்தக் கடைசிப் பாடம் என்னாயிற்று என்று விசாரிக்க, ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறேன், சேவியர் அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், மத்தியானத்தில் எங்கள் வாசலில் யாராவது வந்து நிற்கிறார்களா என்று, அவர் யோசித்துவிட்டு, ஆளு ஒண்ணும் நிக்கலம்மா, ஆனா எங்க நாய் அந்நேரம் ஒங்க கேட்டப் பாத்து வால ஆட்டிக்கிட்டே நிக்கி, ஏன்னு தெரியல, என்றார், அன்று நான் முடிவு செய்தேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள், பெற்றவளே ஆனாலும் விடக் கூடாது, அட்டையைக் கிழித்தெறிய வேண்டும் என்று போய் நின்றேன், கை அட்டையைத் தொட்டது, கிழிக்கவில்லை, அவளைப் பார்க்காமல் இருக்க என்னாலும் முடியவில்லை.

பிறகு அந்த மத்தியானம், சுவரில் அவள் இடுப்பளவு தெரிகிறாள், அப்புறம் முகம் மட்டும், சுவரளவு முகம், நெற்றி கீழே, மோவாய் மேலே, கலங்கலாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல், ரின்சி எழுந்து உட்கார்ந்துவிட்டாள், நான் அவளை இடுப்போடு இறுக்கிக்கொள்கிறேன், சட்டென்று சுவர் அணைந்தது, துளையை வெளியிலிருந்து யாரோ முகத்தால் மூடியதுபோல, என் கையே எனக்குத் தெரியாத இருட்டு, எவ்வளவு நேரமோ, பிறகு தெரு திரும்ப வந்தது, மாடி, மரம், போகிற சைக்கிள், எல்லாம் இருந்தன, அவள் மட்டும் இல்லை, போய்ட்டா ரின்சி, என்றேன், இல்ல சித்தி, வெளிய இருக்கறதுதான் செவுத்துல தெரியும், அம்மா உள்ள வந்துட்டாங்க, என்றாள் ரின்சி, அறையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை லேசாக, தொலைவிலிருந்து வருவதுபோல வந்தது, என் பிடியிலிருந்து ரின்சி மெல்ல விலகி, இருட்டைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறாள், அம்மா, வெளிச்சம் நேராத்தான் வரும், வளையாது, மேலருந்து வாறது ஓட்ட வழியா கீழ போவும், கீழருந்து வாறது மேல போவும், அதான் எல்லாம் தலைகீழாத் தெரியுது, நான் செஞ்சு பாத்துட்டேன், எனக்குப் புரிஞ்சிட்டு, என்றாள், பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டாள், யாரோ அவளிடம் ஏதோ சொல்வதுபோலவும் அவள் கேட்பதுபோலவும், சரிம்மா, என்றாள், அதற்கப்புறம்தான் அழுதாள், அத்தனை நாள் அழாததையும் சேர்த்து, வாய்விட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுது ஓய்ந்ததும் அவளே போய்ப் போர்வைகளை இறக்கினாள், அம்மா என்ன சொன்னா என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், அது எங்கிட்ட சொன்னது, என்கிறாள்.

மறுநாள் அவளாகவே யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், இருட்டில் அவள் சொன்ன அந்த வார்த்தைகளையே வரிசைப்படுத்தி நான் கடைசிப் பாடத்தை எழுதி, படம் போட்டு அனுப்பினேன், புத்தகமும் வந்துவிட்டது, ஆனாலும் தினமும் ரின்சி பள்ளிக்கூடம் போனதும் போர்வைகளை எடுக்கிறேன், அட்டையைப் பொருத்துகிறேன், அடுப்பு பற்றவைக்கவில்லை, கூப்பிட்டவர்களுக்குக் கதவு திறக்கவில்லை, அக்கா எனக்கு என்ன சொல்வாள் என்று மட்டும் தெரிந்தால் போதும், சுவரில் தெரு வருகிறது, லாரி வருகிறது, மீன்காரி வருகிறாள், அவள் வருவதில்லை, பிள்ளையிடம் வந்தவள் என்னிடம் ஏன் வரவில்லை, ஜெனி, என்று இருட்டிடம் கேட்கிறேன், எத்தனை நாள் இப்படி, தெரியவில்லை, சாய்ந்த வெயில் சுவரில் மஞ்சளாகப் படிந்திருக்க, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு உருவம் தலைகீழாக வருகிறது, பூந்தொட்டிகளின் அருகே நின்று தலையை ஒருபக்கம் சாய்த்து இந்தப் பக்கமே பார்க்கிறது, நெருங்குகிறது, பெரிதாகிறது, முகமாகிறது, சுவர் அணைகிறது, சித்தி, உள்ள இருக்கியா, என்கிறது குரல், துளையில் வாய் வைத்து, எந்தப் பக்கம் இருப்பவள் எந்தப் பக்கம் இருப்பவளைத் தேடி வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை, வெளிய வா சித்தி, எனக்குப் பசிக்கு, என்றது குரல், எழுந்தேன், கால் மரத்திருந்தது, தடவித் தடவிப் போய் அட்டையை இரண்டு கையாலும் பிய்த்தேன், வெயில் முகத்தில் அடித்தது, பள்ளிக்கூடப் பையோடு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ரின்சி நேராக நின்றுகொண்டிருந்தாள், மூக்கு நுனியில் அட்டைத் தூசி.