குளத்தைப் பார்த்த வீடு

கோவை டவுனில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றில் பஷீருக்கு வேலை. அங்கே வீடு வாங்க வழியில்லை. ஊருக்கு வெளியே பாலுசாமி என்பவர் தன் சோளக்காட்டை மனைகளாகப் பிரித்து சைட் போட்டு விற்றபோது, குளத்தைப் பார்த்திருந்த ஒரு சைட்டை அவனும் மனைவி நஃபீசாவும் வாங்கி வீடு கட்டினார்கள். அது 1993.

அந்தப் புதுக் குடியிருப்பில் அதுதான் முதல் வீடு. பஷீர் தினமும் மெயின் ரோடு வரை சைக்கிள் மிதித்து, அங்கிருந்து பஸ் பிடித்தான். உள்ளே பஸ் விடச் சொல்லி ஒன்றரை வருடம் மனுவோடு அலைந்தான். பஸ் வந்த பிறகுதான் மற்ற நாற்பது வீடுகளும் வந்தன.

பக்கத்து வீடு சுப்பாத்தாளுடையது. அவள் மகள் பிரவீனாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, பத்து நாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் நஃபீசா.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்தன. அதன்பிறகு பஸ்ஸில் பஷீருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலுசாமி நான்கு பேரோடு வந்தார். நஃபீசா கொடுத்த டீயைக் குடித்து முடித்தார்கள்.

"ஏனுங்க பஷீரு, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு குறையுமில்லீங்க. ஆனா பொம்பளப் புள்ளைக இருக்கற எடம் பாருங்க, சனம் பயப்படுது."

"என்னையப் பாத்துங்களா?"

பாலுசாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "நீங்க சைட்டு வாங்குன வெலைக்கே ஊட்டை நான் எடுத்துக்கறேனுங்க."

"நான் போகமாட்டேன்னா?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டீங்க. உங்களப் பத்தித் தெரியாதுங்களா."

அவர்கள் போனதும் நஃபீசா சுப்பாத்தாளிடம் ஓடினாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

சுப்பாத்தாள் முறத்திலிருந்து நிமிரவில்லை. "எங்க ஊட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுட்டாரு அம்மணி."

"எதுலீங்க?"

"உங்களக் காலி பண்ணச் சொல்ற காயிதத்துல. எல்லா ஊட்லயும் போட்டாங்க."

"நீங்களுமா அக்கா?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே," என்றாள் சுப்பாத்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரேகை வெச்சேன்."

பத்தே நாளில் காலி செய்தார்கள். டவுனில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை கிடைத்தது. குளத்தோர வீட்டில் பாலுசாமியின் மகன் மதன்குமார் குடியேறினான்.

அந்த ஆடியில் மார்க்கெட்டில் சுப்பாத்தாள் நஃபீசாவைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எளச்சுப் போயிட்டியே அம்மணி. ஒரு நாளைக்கு ஊட்டுப்பக்கம் வாங்க."

"வாரேனுங்க அக்கா."

"இப்ப எங்க குடியிருக்கீங்க? நான் வந்து பாக்கறேன்."

நஃபீசா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலேயே இல்லாத ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள்.