ஏழாம் மேசைப் பசி

பசியின் விலை அன்றைக்குக் கிலோ நானூற்று இருபது ரூபாய். சில்லறை வியாபாரத்துக்குக் கடன் கிடையாது.

கொத்தவால்சாவடியில் வத்தல் மண்டி வைத்திருக்கும் துரைப்பழம் அண்ணாச்சிக்கு இது காலை எட்டு மணிக்கே தெரியும். எந்தச் சரக்கின் விலையும் அவர் காதில் விழாமல் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை. ஆனால் இதை வாங்க வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை. அவர் வீட்டில் பசி எப்போதும் இருப்பில் இருந்த சரக்கு.

பதினோரு நாளாக அவர் மனைவி ஜெயக்கொடிக்குப் பசி இல்லை. மந்தம் என்றோ அஜீரணம் என்றோ சொல்ல முடியாது. இல்லை, அவ்வளவுதான். மகளிர் குழுப் பெண்களோடு ஒரு மத்தியானம் கொரியாக்காரர்கள் கறி சுட்டுத் தின்னும் கடைக்குப் போனாள். பசியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

“எங்கட்டி வச்ச?”

“தட்டுக்குப் பக்கத்துலதாங்க வச்சேன். கை கழுவிட்டு வந்தவ எடுக்க மறந்துட்டேன்.”

“கடை பேரு என்ன?”

“வட்டமும் கோடுமா எழுதியிருந்துச்சு. எனக்கு எங்க படிக்கத் தெரியும்?”

“கூட்டிட்டுப் போன வேன்காரனைக் கேட்டா என்ன?”

“கேட்டாச்சு. அவன் இப்ப வேற ஊர்ல வேற ஆளா இருக்கான். குழுல யாருக்கும் பேரு தெரியல. நல்ல கடைங்க. அம்புட்டுதான் தெரியும்.”

டாக்டர் மாத்திரை எழுதினார், சாப்பாட்டுக்குப் பின் என்று. சாப்பாடு இல்லாததால் பின் என்பது வரவேயில்லை. தினமும் காலையில் மண்டித் தராசில் ஜெயக்கொடியை ஏற்றி நிறுத்தார் அண்ணாச்சி. நாளுக்கு நானூறு கிராம் குறைந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி அங்கே குடியிருந்தன. இப்படியே போனால் தீபாவளிக்குள் அவளை மஞ்சள் பையில் வைத்துத் தூக்கிவிடலாம்.

முதலில் கால் கிலோ பசி வாங்கிப் பார்த்தார். பேரம் பேசி நூறு ரூபாய்க்கு முடித்தார். அது பழைய சரக்கு. யாரோ லாரி டிரைவருடையது. ஜெயக்கொடி நின்றுகொண்டே நாலு பரோட்டா தின்றாள். ஏப்பம் விட்டாள். நெல்லூருக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாள். மறுநாள் அதுவும் தீர்ந்துவிட்டது.

சொந்தப் பசியைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அண்ணாச்சி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெருநகர நல்ல உணவகங்கள் கண்டறியும் அலுவலகத்துக்குப் போனார்.

கொரியப் பிரிவு தரைத் தளத்திலேயே இருந்தது. ஆனால் நடைகூடம் நீளம். காலையில் வந்தவர்கள் அளந்தபோது நாற்பது அடி இருந்ததாம். இப்போது அதில் ஷேர் ஆட்டோ ஓடியது. கவுன்டர் வரைக்கும் பத்து ரூபாய். அண்ணாச்சி ஏழு ரூபாய்க்குப் பேசினார். மூன்று ரூபாய் தூரம் நடக்க வேண்டியதாயிற்று.

கவுன்டரில் குமுதவல்லி என்று பலகை வைத்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“சாப்பிடவா, பார்க்கவா?”

“தேடணும்மா. என் வீட்டுக்காரி பசியை அங்க விட்டுட்டா.”

“பசி அத்தாட்சி இருக்கா?”

“அதான் தொலைஞ்சு போச்சே.”

“அப்போ தொலைஞ்சதுக்கு அத்தாட்சி?”

அண்ணாச்சி பதினோரு நாள் எடைச் சீட்டுகளை எடுத்து நீட்டினார். குமுதவல்லி அம்மாள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, வத்தல் நெடியில் இரண்டு தும்மல் போட்டு, அந்தத் தும்மல்களையே சாட்சிக் கையெழுத்தாக வைத்துக்கொண்டார்.

“பெருநகர எல்லைக்குள்ள நல்ல கொரியன் கடை ஒன்பது இருக்கு சார்.”

இங்கேதான் அண்ணாச்சி தவறு செய்தார். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் வாய் அதில் பாதிக்குக் கீழேதான் திறந்திருக்கிறது. பிள்ளையின் மார்க்கைக்கூட அப்படிக் குறைத்தவர்.

“ஒன்பதெல்லாம் அநியாயம்மா. மூணுக்கு முடிங்க.”

“கட்டாது சார். ஏழு.”

“என் கையால முதல் போணி. மூணரை.”

“சரி, உங்க முகத்துக்காக நாலு. இதுக்கு மேல கேக்காதீங்க.”

நாலு முகவரிகளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெற்றியோடு திரும்பினார். வாசல்படி வந்த பிறகுதான் கணக்கு உறைத்தது. கேட்டால் இன்னும் ஐந்து கிடைத்திருக்கும். ஆனால் முடிந்த பேரத்தைப் பிரிக்கிற பழக்கம் அவர் வம்சத்தில் இல்லை.

நுங்கம்பாக்கத்துக் கடை ஒரு லிப்டுக்குள் இருந்தது. தரைத் தளத்தில் கறியை அடுப்பில் போட்டார்கள். நாலாவது மாடியில் திருப்பிப் போட்டார்கள். சுவை பிரமாதம். இரண்டாவது மாடியில் இறங்க வேண்டியவர்கள் பச்சையாகத் தின்றுவிட்டு இறங்கினார்கள். அங்கே மறந்து வைக்கப்பட்டிருந்தவை மூன்று குடையும் ஒரு மாமனாரும்தான்.

வேளச்சேரிக் கடையில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே புகையை உறிஞ்ச ஒரு குழாய் தொங்கியது. அது புகையோடு பெயரையும் உறிஞ்சிவிட்டது. வெளியே வந்த அண்ணாச்சி பையில் இருந்த ஜிஎஸ்டி சான்றிதழைப் பார்த்துத்தான் தன்னைத் தெரிந்துகொண்டார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் கடையே இல்லை, வரிசைதான் இருந்தது. விசாரித்தால் வரிசைதான் கடை என்றார்கள். அவருக்கு முன்னால் நின்ற இருவருக்கு அங்கேயே நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. ஒரகடத்துக் கடை எப்போதும் அரைக் கிலோமீட்டர் தள்ளியே இருந்தது. பஸ்ஸில் போனாலும் அரைக் கிலோமீட்டர், நின்றாலும் அரைக் கிலோமீட்டர். வாசனை மட்டும் முகத்துக்கு நேரே வந்தது.

நாலும் நல்ல கடைகள்தான். அதில் குறை சொல்ல முடியாது. எதிலும் ஜெயக்கொடியின் பசி இல்லை.

மறுநாள் காலை அவள் முப்பத்தெட்டே கால் கிலோ. தராசிலிருந்து இறங்கும்போது சத்தமே வரவில்லை.

“விடுங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க. ரசம் ஆறுது,” என்றாள்.

அண்ணாச்சி சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். பாதியில் எழுந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்கு ஓடினார். நடைகூடத்தில் இப்போது ஒரு டீக்கடையும் வந்திருந்தது.

“இன்னும் அஞ்சு வேணுமா சார்? புது விண்ணப்பம் போடணும். தொண்ணூறு நாள்.”

“வேண்டாம்மா. நாலு வாங்கினேன்ல. கொசுறு ஒண்ணு போடுங்க.”

குமுதவல்லி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கொசுறு மறுக்கப்படலாம் என்று அதில் எங்கும் இல்லை.

“கறிவேப்பிலை கேக்கிற மாதிரியே கேக்குறீங்க,” என்று முனகிக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, டயர் பஞ்சர் கடைக்கு மேல் மாடி.

வாசலில் வட்டமும் கோடுமாக எழுதியிருந்தது. கடைக்காரி பே என்ற கொரிய அம்மாள். கார் தொழிற்சாலைக்கு வந்த புருஷனோடு வந்து, புருஷன் திரும்பிப் போன பிறகும் தங்கிவிட்டவர். தமிழைத் தள்ளுவண்டிக்காரர்களிடம் கற்றிருந்தார்.

“வாங்கண்ணே. அப்படி குந்துங்க.”

உட்கார்ந்தார். மேசை நடுவே குழி, குழிக்குள் கரி. எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே பதினோரு சின்னக் கிண்ணங்கள் வந்தன. முட்டைக்கோஸ் ஊறுகாய், முளைகட்டிய பயறு, பொடிக்கருவாடு, முள்ளங்கி.

“நான் ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“இது சும்மாண்ணே.”

“சும்மான்னா?”

“கொசுறு.”

அண்ணாச்சி கிண்ணங்களை இன்னொரு தடவை எண்ணினார். கொசுறு கடைசியில் வருவது. சரக்கு, எடை, பணம், அதற்கப்புறம் கொசுறு. உலகம் அந்த வரிசையில்தான் நிற்கிறது. முதலிலேயே கொசுறைக் கொடுப்பவர்கள் அப்புறம் எதை விற்பார்கள்? பயத்தில் ஒரு கிண்ணத்தைக் காலி செய்தார். அது நிறைந்தது. இன்னொன்றைக் காலி செய்தார். அதுவும் நிறைந்தது. சும்மா வந்ததை வைத்துவிட்டு எழ அவர் உடம்பு பழகியிருக்கவில்லை. மேசை நீண்டுகொண்டே போய் ஏழாம் மேசையை முட்டி நின்றது.

ஏழாம் மேசையில் ஜெயக்கொடியின் பசி உட்கார்ந்திருந்தது.

ஒரு தூக்குவாளி உயரம் இருக்கும். முகம் கிடையாது. வாய் இருந்தது, இரண்டு கை இருந்தது. ஜெயக்கொடி காணோம் என்று தேடிய ஊதாக் கைக்குட்டையை மடியில் விரித்திருந்தது.

“உங்க வீட்டதா?” என்றார் பே அம்மாள். “நல்லா துண்ணுது. ஆனா தானா எடுத்துத் துண்ணாது.”

“பின்ன?”

பே அம்மாள் கத்தரிக்கோலால் ஒரு துண்டுக் கறியை வெட்டினார். கீரை இலையில் வைத்தார். கொஞ்சம் சோறு, ஒரு பல் பூண்டு. சுருட்டி எடுத்துப் பசியின் வாயில் ஊட்டினார். பசி கண்ணே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டது.

“எங்க ஊர்ல புடிச்சவங்களுக்கு இப்படித்தான் கொடுப்போம். அன்னிக்கு உங்க வீட்டம்மா எல்லாருக்கும் பரிமாறிட்டு நின்னுக்கினே இருந்தாங்க. நான் ஒண்ணு சுருட்டி வாயில வச்சேன். கல்யாணத்துக்கப்புறம் ஒருத்தர் கையால வாங்குறது இதான் முதல் தடவன்னாங்க. போகும்போது இத மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“மறந்துட்டேன்னு சொன்னாளே.”

“அது உங்க கிட்ட சொன்னது.”

அண்ணாச்சி பசியைப் பார்த்து, “வா, வீட்டுக்குப் போவோம்,” என்றார். பசி அசையவில்லை. அதட்டிப் பார்த்தார். அது ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். தோள்துண்டை எடுத்து மேசை மேல் விரித்தார். சந்தையில் நாலு பேர் பார்க்கப் பேச முடியாத விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். தன் கையை உள்ளே விட்டார். பசியும் கையை உள்ளே விட்டது.

முதல் விரலிலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. நடுவிரலில் அரிவாள்மணைத் தழும்பு. அது எப்போது பட்டது என்று தெரியவில்லை. உள்ளங்கை தேங்காய் நார் போல் இருந்தது. அவர் அந்தக் கையைக் கடைசியாகப் பிடித்தது தாலி கட்டிய அன்று வலம் வந்தபோது.

பசி தன் விலையை அழுத்தியது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். நாளுக்கு ஒரு வாய். லீப் வருடம் ஏழையும் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு. பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்த நூற்றெழுபது நாளை அதுவாகவே கழித்துக்கொண்டது. நிகரம் ஒன்பதாயிரத்து முந்நூற்று இருபத்தேழு வாய். எல்லாம் அண்ணாச்சி கையால்.

பாதிக்குக் கீழே போக அவர் விரல் தானாக எழுந்தது. துண்டுக்கடியில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மடங்கியது.

“என்னண்ணே, பேசலியா?” என்றார் பே அம்மாள்.

“கட்டுபடியாகுற விலைதான்.”

அச்சாரமாக ஒரு துண்டைத் தானே சுட்டார். ஒரு பக்கம் கருகியது. சுருட்டத் தெரியாமல் பீடா மாதிரி மடித்து ஊட்டினார். பசி மென்றுவிட்டு எழுந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டது.

பஸ்ஸில் கண்டக்டர், “ஆளா, லக்கேஜா?” என்றார். அண்ணாச்சி முழு டிக்கெட் எடுத்தார். கண்டக்டர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீடு. பசி நேராக உள்ளே போய் ஜெயக்கொடியின் வயிற்றில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் வழக்கம்போல் கரண்டியோடு நின்றாள்.

“உக்காருட்டி,” என்றார்.

“யாரு செத்தா?”

“யாரும் சாகல. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள், பாதி எழுந்த மாதிரி. அவர் சோற்றைப் பிசைந்து, மீன் துண்டு ஒன்றை முள் எடுத்து, முட்டைக்கோஸ் இலையில் மடித்தார். பாதி சிந்தியது.

“கை கழுவினீங்களா?”

“கழுவினேன்.”

அவள் வாயைத் திறந்தாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள். வளையல் ஒன்று முழங்கையிலிருந்து சரிந்து மணிக்கட்டில் வந்து விழுந்தது.

“உப்பு கம்மி,” என்றாள்.

அண்ணாச்சி அடுக்களைக்குள் போனார். அது அவர் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

“உப்பு எங்க இருக்கு?”

“தேடுங்க.”

அன்று மாலை மண்டிப் பேரேட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுதினார். ஜெயக்கொடி வகையில் கொடுக்க வேண்டியது 9,327 வாய். அச்சாரம் 1. இன்று 1. பாக்கி 9,325.

கொசுறு தனி.